தர்ஸ்டன் படங்களைப் பெருமையாகப் பகிர்பவர்களுக்கு

வெள்ளைக்காரர் ஆட்சியில் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துப் போட்டு "எங்கள் முன்னோரின் கம்பீரத்தைப் பாருங்கள்" என்று எழுதுகிறார்கள். எந்தச் சாதி என்று கேட்காதீர்கள், எல்லாரும்தான் போடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர். 1885-இல் எழும்பூர் மியூசியத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தார். ஊர் ஊராகப் போய் மூக்கின் அகலம், மண்டையின் நீளம், உயரம் என்று ஆட்களை அளந்தார், கூடவே கேமராவும் போனது. மியூசியத்தில் அவருக்கு உதவியாளராக இருந்த ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற அந்தப் புத்தகம் 7 தொகுதிகளாக வந்தது. அதன் முன்னுரையில் அவரே எழுதியிருப்பது போதும், வேறு சாட்சி வேண்டாம். வயநாட்டுப் பணியர் பெண்கள் இவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயம். அதைச் சொல்லிவிட்டு, அப்படி மட்டும் முடிந்தால் உருவப் பொம்மை செய்ய ஆள் பிடிக்கும் தொல்லையே இருக்காதே என்று ஒரு நகைச்சுவை வேறு! நீலகிரியில் ஓர் இருளர், ஏதோ பழைய யானை விவகாரத்தில் தேடப்பட்டவர், உயரம் அளக்கும் கருவியைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்க மறுத்துவிட்டார்.

தர்ஸ்டனுக்கு இது சிரிப்பு. ஆனால் அங்கே நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்த இருளர்தான். இதே தர்ஸ்டன்தானே சென்னைப் போலீசாருக்கு உடல் அளவெடுக்க வகுப்பு எடுத்தவர்! அதற்கு முன்பே, கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு காலத்தில் தொடங்கிய இந்திய மக்களின் படச் சேகரிப்பு, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்க வேலையாகவே மாறி, 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக அச்சானது. யார் நம்பத்தக்கவர்கள், யார் அடங்காதவர்கள் என்கிற தீர்ப்பும் படங்களோடு சேர்ந்தே வந்தது. 1869-இல் லாம்ப்ரே என்பவர், படத்திலேயே உடலை அளப்பதற்காக, பட்டு நூலால் 2 அங்குலக் கட்டம் கட்டிய மரச்சட்டத்தின் முன்னால் ஆளை நிர்வாணமாக நிறுத்திப் படமெடுக்கும் முறையைச் சொன்னார். 1890-களில் அந்தமானில் போர்ட்மனும் கட்டம் போட்ட பின்னணியில் பழங்குடிகளை நிறுத்தி எடுத்தார். அவர்களுக்குப் பொறுப்பான அதிகாரியே அவர்தான், வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

படங்களை மறைத்து வைக்கச் சொல்லவில்லை, பாருங்கள். பெரும்பாலான படங்களில் ஆளின் பெயர் கிடையாது, சாதிப் பெயர் மட்டும்தான். சரி, அதைத் தாத்தா படம் மாதிரி மாட்டிக்கொள்வது உங்கள் விருப்பம். அப்படியே தர்ஸ்டன் உங்கள் சாதிக்குக் கொடுத்திருக்கும் மூக்களவுப் பட்டியலையும் சேர்த்துப் போடுங்களேன், எத்தனை லைக் வருகிறது என்று பார்ப்போம்.