கோட்டை நின்றால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

கல்யாண ஃபோட்டோ ஷூட்டுக்குப் பாழடைந்த செங்கல் சுவர் வேண்டும் என்று கேட்டால், சென்னையில் எந்த ஃபோட்டோகிராபரும் ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரண்டு இடங்களைச் சட்டென்று சொல்வார்: சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை. யார் கட்டினது என்று கேட்டால் "வெள்ளைக்காரன் கட்டினதுங்க" என்று பொதுவாக ஒரு பதில் வரும். ஆலம்பரைக் கோட்டை ஆற்காட்டு நவாப் காலத்தது. 1750இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள், 2004 சுனாமி தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு சதுரங்கப்பட்டினம்.

திருவான்மியூரில் வண்டியைக் கிளப்புகிற நம்மில் பெரும்பாலோருக்கு ஈசிஆர் மாமல்லபுரத்தோடு முடிந்துவிடும். அதைத் தாண்டுகிறவர்கள் நேராகப் பாண்டிச்சேரி போய்த்தான் நிற்பார்கள். நடுவில் கல்பாக்கம் என்றால் அணுமின் நிலையம், அவ்வளவுதான். அங்கே கடற்பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஒரு டச்சுக் கோட்டை இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அப்புறம் "அங்க பார்க்க என்ன இருக்கு?" என்கிறார்கள்.

இருப்பதைச் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்தது சதுரங்கப்பட்டினத்தின் மஸ்லின் துணிக்காக. சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த துணி இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறியது. வடக்கே பழவேற்காடு, தெற்கே நாகப்பட்டினம், நடுவில் இது என்று சோழமண்டலக் கரை நெடுக அவர்களுக்குக் கிடங்குகள். 1781இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த வருடம் பிப்ரவரி 17 அன்று, இந்தக் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் கப்பல்களும் மோதின. அந்த இருவரும் நம் கடல்களில் போட்ட ஐந்து சண்டைகளில் முதல் சண்டை அது. 1818இல் ஊர் டச்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. 1824 ஒப்பந்தத்தில் மறுபடி கைமாறி ஆங்கிலேயரிடமே நின்றுவிட்டது.

கோட்டைக்குள் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் உண்டு. பூட்டித்தான் வைத்திருப்பார்கள், கேட்டால் திறந்துவிடுவார்கள். படுக்கையாகக் கிடக்கும் பெரிய கருங்கல் பலகைகள். தூரத்திலிருந்து பார்த்தால் துணி துவைக்கிற கல் மாதிரிதான் இருக்கும். நான் போனபோது சாவி வைத்திருந்தவர் பாட்டில் தண்ணீரை ஒரு கல்லின் மேல் ஊற்றி, "இப்பப் பாருங்க சார்" என்றார். வெளிறிக் கிடந்த கல் கறுத்தது, உள்ளே வெட்டியிருந்த குடும்பச் சின்னம் மேலே எழும்பி வந்தது, அதன் கீழே டச்சு எழுத்துகள் வரிவரியாக. இவ்வளவு நுணுக்கமான எழுத்தைக் கருங்கல்லில் வெட்டிய உளிக்காரர் யார் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. மாமல்லபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது மட்டும் மனதில் ஓடியது. எழுத்து காய்ந்து மறைய அதிக நேரம் ஆகவில்லை, வெயில் அப்படி.

இந்தக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வேலி, கதவு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் உண்டு. பாதுகாக்கத்தான் செய்கிறார்கள், அதில் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. இந்தப் பாதுகாப்பில் சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்கு என்ன பங்கு?

2010இல் திருத்திய சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். உள்வட்டத்தில் பழைய வீட்டை ரிப்பேர் செய்யவே அனுமதி வேண்டும். நகரத்திலிருந்து போகிற நமக்கு இது ரொம்ப நியாயமாகப் படும். பக்கத்திலேயே டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, நீங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க. பையனுக்குக் கல்யாணம் ஆச்சு, மேல ஒரு ரூம் எடுக்க முடியல." அவருக்கு என்ன பதில் சொல்வது? பாரம்பரியம் முக்கியம் ஐயா என்றா?

இந்த இடத்தில் எனக்கு அமெரிக்காவின் ரூட் 66 ஞாபகம் வரும். 1926இல் உருவான சாலை, சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு. அரிசோனாவில் அந்தச் சாலை மேல் செலிக்மன் என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊர். 1978 செப்டம்பர் 22 அன்று ஊரை விட்டு விலகிப் புதிய பெருஞ்சாலை திறந்ததும் வண்டிகள் நின்றுபோயின, கடைகள் காற்று வாங்கின. ஏஞ்சல் டெல்காடியோ என்ற முடிதிருத்துநர் சுற்று ஊர்க்காரர்களைக் கூட்டி 1987இல் ஒரு சங்கம் தொடங்கினார். இது சரித்திரச் சாலை என்று அறிவியுங்கள் என்று மாநில அரசை நச்சரித்து, அதே வருடம் அறிவிக்கவும் வைத்தார்கள். செலிக்மனின் பழைய கடைத்தெரு 2005இல் தேசியப் பாரம்பரியப் பதிவேட்டில் ஏறியது. அவருடைய சலூனைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சலூன், மோட்டல், ஐஸ்கிரீம் கடை! நம் கணக்கில் இதெல்லாம் பழசே கிடையாது.

அங்கே இது பலித்ததற்குக் காரணம் எளிது. சாலையால் பிழைத்தவர்கள் பிழைப்பு போனதும் தாங்களே இறங்கினார்கள், பழைய கட்டடம் நின்றால் அவர்களுக்கே லாபம். சதுரங்கப்பட்டினத்தில் பிழைப்பு கடலிலும் அணுமின் நிலையத்திலும் இருக்கிறது. கோட்டையால் ஒரு ரூபாய் வந்ததாக நான் பேசிய யாரும் சொல்லவில்லை. அதனால் வந்த தடை மட்டும் தெரிகிறது. பிறகு "உள்ளூர்க்காரங்களுக்கு அருமை தெரியல" என்று முகநூலில் எழுதுகிறோம். எனக்கு இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

பாண்டிச்சேரி மாதிரி மஞ்சள் பெயின்ட் அடித்து காஃபி கடை திறக்கச் சொல்லவில்லை. கோவளத்தில் கோட்டை இருந்த இடத்தில் நட்சத்திர விடுதி நிற்கிறது, அந்த வழியும் வேண்டாம். நான் கேட்பது கொஞ்சம்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டி அட்டை கொடுங்கள். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்ல ஆள் இருந்தால் நூறு ரூபாய் கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். ஃபோட்டோ ஷூட்காரர்களிடம் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை ஊராட்சிக்குக் கொடுங்கள். கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் வீடு வைத்திருப்பவர்களின் ரிப்பேர் மனுக்களை வாரக்கணக்கில் முடியுங்கள், வருடக்கணக்கில் இழுக்காதீர்கள். திண்ணை வைத்த ஓட்டு வீட்டை அப்படியே வைத்திருக்கிறவருக்கு ஓடு மாற்றவாவது உதவுங்கள். இன்று சட்டத்தின் கண்ணுக்குக் கோட்டை மட்டும்தான் தெரிகிறது. சுற்றியுள்ள பழைய தெருவுக்கு அதில் பெயரே இல்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாண்டிச்சேரி வரை ஈசிஆரை நான்கு வழியாக்கும் வேலை நடக்கிறது. வேலை முடிந்ததும் கல்பாக்கத்தை எப்போது தாண்டினோம் என்றே தெரியாது. திருப்பத்தில் எந்தப் பலகை, எத்தனை பெரிய எழுத்தில் என்பதையெல்லாம் இப்போதே கேட்டு வாங்கினால்தான் உண்டு. ஊராட்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மனு எழுத நான் கூட வருகிறேன். ஃபோட்டோ ஷூட் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கட்டண விஷயத்தில் மட்டும் நான் விடுவதாக இல்லை.