வேலூருக்குத் தெரியாத வேலூர் செய்திகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பற்றிப் பேப்பரில் செய்தி வந்தால் பெரும்பாலும் "இந்தியாவிலேயே முதல்முறையாக" என்றுதான் தொடங்கும். 2024 டிசம்பரில் அப்படி ஒன்று வந்தது. ஹீமோபிலியா என்கிற ரத்தம் உறையாத நோய்க்கு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து அதில் மரபணுவைச் சேர்த்துத் திருப்பி உடம்புக்குள் செலுத்தும் சிகிச்சை. ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதன்பின் கண்காணித்தவரை ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் பரபரப்பாக ஓடியது நீட் விவகாரம். 2017-ல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்கள் இருந்தும் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துவிட்டு, மாணவர்களை நாங்களே தேர்ந்தெடுக்கும் முறையை விட்டுத்தர மாட்டோம் என்று நின்றார்கள், அப்புறம் 2020-ல் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. இவை போக, யாராவது பிரபலம் அட்மிட் ஆனால் ஒரு செய்தி. அவ்வளவுதான்.

ஊருக்குள் நாம் பேசும் சி.எம்.சி. செய்தியே வேறு. ஐடா ஸ்கடர் ரோட்டில் டிராஃபிக், ஆட்டோக்காரர்கள் ரேட், பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜ் வாடகை, பெங்காலி போர்டு மாட்டிய மீன் சாப்பாட்டுக் கடை. காட்பாடியில் ஹௌரா பக்கத்திலிருந்து ஒரு ரயில் வந்து நின்றால் ஸ்ட்ரெச்சரும் பெட்டியும் எக்ஸ்ரே கவருமாக இறங்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அது வடநாட்டுக்காரங்க ஆஸ்பத்திரிப்பா, நமக்கு அங்க என்ன இருக்கு" என்று சொல்லாத வேலூர்க்காரர் குறைவு. என் வீட்டிலேயே சொல்வார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. செலவு, காத்திருப்பு, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அலைச்சல் என்று உள்ளூர் ஆட்கள் ஒதுங்கிப் போவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் "நமக்கு அங்க என்ன இருக்கு" என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அங்கே நம்முடையது நிறைய இருக்கிறது. நாம் கொடுத்தது. அதை யாரும் நமக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார், இந்தப் பதிவும் அதற்காகத்தான்.

ஒரு மருத்துவக் கல்லூரி என்றால் அதைச் சுற்றி ஒரு உலகம் இருக்கும். பாகாயம் கேம்பஸ், ஹாஸ்டல், நர்சிங் கல்லூரி, ஊழியர் குவார்ட்டர்ஸ், பட்டமளிப்பு விழா, ஓய்வு பெறுபவருக்கு வழியனுப்பு விழா, புதுக் கட்டடத் திறப்பு. அந்த உலகத்துக்குள் செய்திகள் நன்றாகவே சுற்றும். அந்த வட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. கேட் வாட்ச்மேன் நிற்கும் இடத்தில் முடிகிறதா, கஸ்பா தெருக்கள் வரை போகிறதா? போகவேண்டும் என்கிறேன்.

ஏன் கஸ்பா? சொல்கிறேன்.

2002, 2003 வாக்கில் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா ஆகிய மூன்று பகுதிகளிலும் பிறந்த குழந்தைகளை வைத்து சி.எம்.சி. ஒரு ஆய்வு நடத்தியது. பீடி சுற்றும் வீடுகள், கூலி வேலைக்குப் போகும் வீடுகள், குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் குடம் வரிசையில் காத்திருக்கும் தெருக்கள். அங்கே 452 குழந்தைகளைப் பிறந்தபோதே சேர்த்தார்கள், 373 குழந்தைகளை முழுசாக மூன்று வருடம் தொடர்ந்தார்கள். தொடர்ந்தார்கள் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பது இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை களப்பணியாளர் வீட்டுக்கே போவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலம் பரிசோதனைக்குப் போகும். பேதி என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு மூன்று வருடத்தில் முந்நூறு தடவைக்கு மேல் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சொந்தத் தாய்மாமன்கூட அத்தனை தடவை வந்திருக்க மாட்டார். வீட்டில் சண்டை நடக்கும் நாளிலும், சோறு ஆக்காத நாளிலும், விருந்தாளி வந்த நாளிலும் கதவைத் திறந்து டப்பாவை எடுத்துக் கொடுத்த அந்த அம்மாக்களின் பொறுமையை யோசித்துப் பாருங்கள்.

எதற்காக இத்தனை பாடு? ரோட்டா வைரஸ். சின்னக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு முக்கியமான காரணம் அது. மெக்சிகோவில் இதே மாதிரி ஒரு ஆய்வு முன்பே நடந்து, 1996-ல் அதன் முடிவு வெளிவந்தது. இயற்கையாக இரண்டு தடவை இந்த வைரஸ் தொற்றிய குழந்தைக்கு அதற்கப்புறம் கடுமையான பேதி வரவில்லை என்றது. சரி, அப்படியானால் தடுப்பு மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். வேலூர்க் குழந்தைகள் அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டார்கள். நம் தெருக்களில் மூன்று தடவை தொற்றிய பிறகும்கூட மிதமான அல்லது கடுமையான ரோட்டா பேதிக்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011-ல் இது வெளியானபோது மருத்துவ உலகம் கவனமாகப் படித்தது. ஏழை நாட்டுக் குழந்தையின் குடல் பணக்கார நாட்டுக் குழந்தையின் குடல் மாதிரி நடந்துகொள்ளாது, அங்கே வேலை செய்யும் மருந்து இங்கே அதே அளவுக்கு வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். தில்லி எய்ம்ஸில், தொற்று இருந்தும் நோய் அறிகுறியே காட்டாத பச்சைக் குழந்தைகளிடம் 1980-களில் கண்டெடுத்த ஒரு வைரஸ் வகையிலிருந்து ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தை உருவாக்கினார்கள். தில்லி, புனே, வேலூர் என்று மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா பேதியை முதல் வருடத்தில் சுமார் 56 சதவீதம் தடுத்தது. 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அதற்குப் பின்னால் நம் ஊர்க் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

சி.எம்.சி.யில் இந்த ஆராய்ச்சிகளில் முன்னணியில் நின்ற விஞ்ஞானி ககன்தீப் காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்கிற விஞ்ஞானிகள் சங்கத்தின் ஃபெல்லோ ஆனார். இந்தியாவில் வேலை செய்யும் பெண் விஞ்ஞானிகளில் அந்தப் பெருமை கிடைத்த முதல் ஆள். அந்தச் செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது, வரவேண்டியதுதான். நான் படித்த எதிலும் சின்ன அல்லாபுரம் என்ற பெயர் இல்லை.

சரி, தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், பேருந்தில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "சொட்டு மருந்து போட்டோம், அப்புறமும் பேதி வந்துச்சு, எதுக்கு இதெல்லாம்?" இந்தக் கேள்விக்குப் பதில் நம் தெருவிலேயே எடுத்த கணக்கில் இருக்கிறது. இந்த மருந்து எல்லா பேதியையும் நிறுத்தாது. ரோட்டாவால் வருவதைத்தான் குறிவைக்கிறது, அதிலும் முழுசாக அல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ரோட்டாவால் குளுக்கோஸ் ஏற்றும் நிலைமைக்குப் போகும் குழந்தைகளில் பாதிப் பேரைக் காப்பாற்றுவது சின்ன விஷயமா? இதை "போடுங்கம்மா, நல்லது" என்று சொல்வதைவிட, "உங்க தெருப் பிள்ளைகளை மூணு வருஷம் பார்த்துத்தான் இதைத் தெரிஞ்சுக்கிட்டாங்க" என்று சொன்னால் கேட்கிற முகமே மாறும்.

போலியோவிலும் இதே கதை. மூன்று தடவை சொட்டு மருந்து கொடுத்தால் போதும் என்று மேலைநாட்டுப் பாடம் சொன்ன காலத்தில், நம் பகுதிக் குழந்தைகளுக்கு மூன்று போதாது, இன்னும் அதிகம் வேண்டும் என்று 1970-களில் காட்டியவர் சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான். பிற்பாடு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக முகாம் போட்டு, விரலில் மை வைத்து, திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள் இல்லையா? "எத்தனை தடவைதான் போடுவாங்க, இதுல ஏதோ இருக்கு" என்று சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். எத்தனை தடவை, ஏன் என்பதற்கான விடை வேலூர்க் குழந்தைகளின் ரத்தத்தில் பார்த்துச் சொன்னது. உலகத்துக்குத் தெரிந்தது, கதவைச் சாத்திய வீட்டுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறை பல வருடங்களாக வேலை செய்கிறது. பிறப்பு, இறப்பு எல்லாம் வீடு வீடாகப் போய்ப் பதிவாகும். ஒருவர் இறந்தால் எதனால் என்று குடும்பத்திடம் உட்கார்ந்து கேட்பார்கள். அப்படிப் பத்து வருடம் சேர்த்த கணக்கு 2004-ல் லண்டனிலிருந்து வரும் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள், வருடத்துக்கு லட்சம் பேருக்குப் பெண் பிள்ளைகள் 148, ஆண் பிள்ளைகள் 58. போலீஸ் கணக்கில் இவ்வளவு தெரியவே தெரியாது, ஏனென்றால் வயிற்று வலி, விபத்து என்று எழுதி முடித்துவிடுவதுதானே ஊர் வழக்கம். காரணங்களாக அவர்கள் சொன்னவை குடும்பச் சண்டை, வீட்டுக்குள் அடி, பரீட்சைத் தோல்வி, கைகூடாத காதல், மனநோய். படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இது யாருக்கான செய்தி? லண்டன் பத்திரிகைக்கு மட்டுமா? கணியம்பாடிப் பள்ளிக்கூட ஆசிரியருக்கு, ஊராட்சித் தலைவருக்கு, மகளிர் குழுவுக்கு, பெண் பிள்ளை வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்குத்தானே முதலில்? பத்தாவது ரிசல்ட் வரும் நாளில் வீட்டில் யாராவது பிள்ளையின் பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்ல இதைவிட ஆதாரம் வேண்டுமா?

நியாயமாகப் பேசவேண்டும் என்றால், அந்த டாக்டர்களும் களப்பணியாளர்களும் மக்களிடம் பேசாமல் இருந்தவர்கள் இல்லை. ஊர் ஊராகப் போகும் நர்ஸுகளுக்கு நம்மைவிட நம் ஊர் நன்றாகத் தெரியும். சம்மதம் கேட்டுத்தான் ஆய்வு செய்திருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. பங்கெடுத்த குடும்பத்திடம் பேசுவதோடு நிற்காமல், மொத்த ஊருக்கும் தமிழில், டாக்டர் பாஷை இல்லாமல், இந்த வருடம் உங்களிடமிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று சொல்லுங்கள். சரிவராமல் போனதையும் சேர்த்து. "இந்த மருந்து எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை" என்று ஆஸ்பத்திரியே சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று ஒரு வாதம் வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூடி மறைத்த இடத்தில்தான் வாட்ஸ்அப் வதந்தி உள்ளே நுழைகிறது, கொரோனா ஊசி சமயத்தில் நாம் பார்க்காததா?

தனிப்பட்ட குடும்பங்கள் அடையாளம் தெரிந்துவிடும் என்ற கவலை உண்மையானது. அதுவும் கணியம்பாடி மாதிரி விஷயத்தில் ரொம்பவே ஜாக்கிரதை வேண்டும். தெருப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம், ஒன்றியம் என்று சொன்னால் போதும். பெயர் இல்லாமல் கணக்கை மட்டும் சொல்லத் தெரியாதவர்களா அவர்கள்? உலகத்துக்கு அப்படித்தானே சொன்னார்கள்.

அவர்களுக்கு இது முடியாத வேலையும் இல்லை. மறுவாழ்வு மையத்தில் வருடா வருடம் ரீஹாப் மேளா என்று ஒன்று நடக்கும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதுகுத்தண்டு அடிபட்டு, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப வருவார்கள். மருத்துவப் பரிசோதனையும் உண்டு, வீல்சேரில் விளையாட்டும் உண்டு. பனைமரத்திலிருந்து விழுந்தவர், லாரி மோதியவர் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்து, பெட்ஸோர் (படுக்கைப்புண்) வந்ததா, வேலைக்குப் போகிறாயா, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேசுவார்கள். அந்தத் துறையைத் தொடங்கிய மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அங்கே டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் செய்தி இரண்டு பக்கமும் போகிறது. மற்ற துறைகளுக்கும் வருடத்தில் ஒரு நாள் அப்படி இருந்தால் என்ன? கஸ்பாவில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, சேர் போட்டு, டீ கொடுத்து, எடுத்த கணக்கைச் சொல்லுங்கள். கேள்வி கேட்க விடுங்கள். "எங்க ஆளுக்குச் செலவைக் குறைங்க" என்றுதான் முதல் கேள்வி வரும், வரட்டும், அதற்கும் பதில் சொல்லுங்கள்.

உள்ளூர் பேப்பர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரஸ் மீட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் போவதை விட்டுவிட்டு, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "வேலூர்" என்று தேடிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு வாராவாரம் எழுதும் அளவுக்குச் சரக்கு இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த 373 பேரும் இப்போது இருபது வயதைத் தாண்டிய பிள்ளைகள். யாராவது ஷூ கம்பெனியில் இருக்கலாம், காலேஜ் முடித்திருக்கலாம், கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையோடு அதே ரோட்டா சொட்டு மருந்துக்கு வரிசையில் நிற்கலாம். இந்தப் பதிவைப் படிக்கும் கஸ்பா, சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் ஆட்கள் உங்கள் அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், வாரம் இரண்டு தடவை யாராவது வந்துபோனது ஞாபகம் இருக்கிறதா என்று. இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், என்ன சொன்னார்கள், என்ன கேட்டார்கள், அப்புறம் யாராவது வந்து முடிவைச் சொன்னார்களா, அது போதும்.