வலிக்காத பல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

சனிக்கிழமை லாஸ்பேட்டையில் நடந்ததைப் பற்றி உறவில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் மகளைப் பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேனாம். யாரையும் இழுக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால், "இந்த நான்கு பல்லில் எந்தப் பல்லுக்கு என்ன நோய்?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் தானாக எழுந்து வெளியே வந்தாள். நடந்தது இவ்வளவுதான்.

அந்த கிளினிக் கொடுத்த சீட்டு என்னிடம் இருக்கிறது. சொத்தை இல்லை, ஈறு வீக்கம் இல்லை, வலி இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியில், கடைவாயின் கடைசியில் முளைக்கும் நான்கு ஞானப்பற்களையும் எடுக்க வேண்டும் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்டது எப்படிக் குற்றமாகும்?

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பல்லை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதி முளைத்து, மேலே ஈறு மூடி, அடிக்கடி வீங்கிச் சீழ் பிடித்து வாயைத் திறக்க முடியாமல் போகிறது என்றால் எடுக்கத்தான் வேண்டும். சாய்ந்து முளைத்துப் பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கினாலும், தாடைக்குள் கட்டி வந்தாலும் எடுக்க வேண்டும். என் அலுவலகத்தில் ஒரு பெண் இப்படித்தான் ஒரு பல்லோடு பல மாதம் பட்ட அவதியைப் பார்த்து, சீக்கிரம் எடுத்துவிடு என்று சொன்னவளே நான்தான். நோயுள்ள பல் போகட்டும். நோயில்லாத பல்லை ஏன் பிடுங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இது நானாகக் கிளப்பிய சந்தேகமும் இல்லை. நோயில்லாத புதைந்த ஞானப்பற்களை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று எந்தச் சிகிச்சை தேவை, எது தேவையில்லை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமும் 2008இல் இந்த வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்க்கும் காக்ரேன் குழு 2020இல், இப்படிப்பட்ட பற்களை எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. விடுவதுதான் சரி என்று அவர்களும் நிரூபித்துவிடவில்லையே என்று கேட்பீர்கள். ஆமாம், நிரூபிக்கவில்லை. ஆனால் கத்தி வைக்கிறவர்தான் காரணம் காட்ட வேண்டும். சும்மா இருக்கும் பல் எதற்குக் காரணம் காட்ட வேண்டும்?

என் கணவரைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்பது புரியும். பல வருடங்களுக்கு முன், வலியே இல்லாத கீழ் ஞானப்பல் ஒன்றை, "பின்னால் தொந்தரவு தரும்" என்று சொல்லி ஓர் இடத்தில் எடுத்தார்கள். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். சிலருக்குப் பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். எடுக்கும்போது அந்த நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். இவருக்குச் சரியாகவில்லை. சாப்பிடும்போது உதட்டில் பருக்கை ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியாது. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார், நான் கண்ணால் சாடை காட்டுவேன் என்பதற்காக. அவர் இதைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. அதனால் அது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறது.

அண்ணன் மகளின் எக்ஸ்ரேயிலும் கீழ்ப் பல் ஒன்றின் வேர் அந்த நரம்புக் கால்வாயை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தச் சீட்டிலேயே அதுவும் எழுதியிருக்கிறது. அதனால் என்ன ஆகலாம் என்று அவளிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"சின்ன வயதில் எடுத்தால் சீக்கிரம் ஆறும்" என்கிறார்கள். உண்மை. வயது ஏற ஏற வேர் முழுதாக வளர்ந்து, எலும்பும் இறுகி, சிக்கல் கூடும். நாற்பதில் எடுப்பதைவிட இருபதில் எடுப்பது எளிது. ஆனால் நாற்பதில் எடுக்க வேண்டியே வராத பல்லாக அது இருந்தால்? என் அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. நான்கு ஞானப்பல்லும் இருக்கின்றன, பண்ருட்டி முந்திரியை வறுத்துக் கொடுத்தால் கடித்துத்தான் சாப்பிடுகிறார். அப்பாவை வைத்து எல்லோருக்கும் சட்டம் போடாதே என்பீர்கள். சரி, அப்படியானால் நீங்களும் சீழ் பிடித்த ஒருவரை வைத்து எல்லோருக்கும் சட்டம் போடாதீர்கள்.

"வலி இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?" இல்லைதான். அதற்குத்தான் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவரிடம் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பல்லை வைத்திருப்பது என்றால் கவனிக்காமல் விடுவது என்று நான் எங்கே சொன்னேன்?

முன்பல்லைத் தள்ளிக் கோணலாக்கும் என்று அண்ணி சொன்னார்கள். அதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான்: "ஆகஸ்டில் அமெரிக்கா போகிறாள், அங்கே பல் வைத்தியத்துக்குச் சொத்தையே விற்க வேண்டும்." அங்கே செலவு அதிகம்தான், மாணவர் காப்பீட்டில் பல் பெரும்பாலும் சேர்வதில்லை என்பதும் உண்மைதான். அப்படியானால் நான்கு பல்லை எடுக்கக் கேட்ட பணத்தில் பல்லுக்குத் தனியாகக் காப்பீடு வாங்கிக் கொடுங்கள். விமான டிக்கெட்டின் தேதியைப் பார்த்தா பல்லைப் பிடுங்குவது? ஏறுவதற்கு முந்தைய வாரம் எடுத்த குழி ஆறாமல் வலி கிளம்பினால், நடுவானில் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

அண்ணன் கேட்டது மட்டும் இன்னும் ஆறவில்லை. "உனக்கு டாக்டர் பட்டம் யார் கொடுத்தார்கள்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அம்மாவை ஜிப்மரில் வைத்திருந்தபோது இரவில் கூடவே படுத்து, ஒவ்வொரு மருந்தும் எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தது நான்தான். அப்போது யாரும் என்னிடம் பட்டம் கேட்கவில்லை. "அவள் பார்த்துக்கொள்வாள்" என்றுதான் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கினீர்கள். அன்றைக்குக் கேள்வி கேட்டால் பொறுப்பு, இன்றைக்குக் கேட்டால் திமிரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு இருபத்திரண்டு வயது. தனியாகக் கடல் தாண்டிப் போகிறாள், கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் வாயில் இருக்கும் பல்லைப் பற்றி மட்டும் அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறார், மாமா பேசுகிறார், அவளை ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். எழுந்து வந்து பஸ் நிறுத்தம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத்தை, வேண்டாம் என்று சொன்னால் அப்பா செலவுக் கணக்கு சொல்வார்" என்றாள். ஒரு பெண் பிள்ளை தன் உடம்பைப் பற்றி வாய் திறக்க இவ்வளவு பயப்படும்படி வளர்த்திருக்கிறோம். எனக்கு அந்தக் கிளினிக் மேல் இருக்கும் கோபத்தைவிட இதில்தான் வருத்தம் அதிகம்.

செவ்வாய்க்கிழமை சிதம்பரத்தில் வேறொரு மருத்துவரிடம் அவளே நேரம் வாங்கியிருக்கிறாள், எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போகிறாள். அவர் ஒரு பல்லைக் காட்டி, இதற்கு இன்ன காரணம் என்று சொன்னால், அவளும் சரி என்றால், அந்தப் பல் போகட்டும். செலவை நான் தருகிறேன். அண்ணா, நீயும் வா, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் உள்ளே கேள்விகளை அவள் கேட்கட்டும்.