பெட்டியின் முகப்பில் இருப்பது யாருக்குப் பயன்படும் எண்?

மின்சாரம் நின்றாலும் கணினியைச் சிறிது நேரம் பேட்டரியில் ஓட வைக்கும் யு.பி.எஸ். ஒன்றை வீட்டுக்கு வாங்கலாம் என்று தேடத் தொடங்கும் எவருடைய கண்ணிலும் முதலில் படுவது, பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 600, 800, 1000, 1100 போன்ற ஓர் எண்தான். அந்த எண் வாட் கணக்கு அல்ல, வி.ஏ., அதாவது வோல்ட்-ஆம்பியர் கணக்கு. கணினியும் மானிட்டரும் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று நாம் பார்ப்பதோ வாட் கணக்கில். இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு வரி எழுதக்கூட அந்தப் பெட்டியில் இடமில்லாமல் போய்விடுகிறது. 600 வி.ஏ. என்று விற்கும் சாதாரண வீட்டு யு.பி.எஸ்.ஸின் பவர் ஃபேக்டர், அதாவது வி.ஏ.யில் எத்தனை பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம், பெரும்பாலும் 0.6 என்பதால், அது உண்மையில் தாங்குவது 360 வாட் மட்டுமே, 1000 வி.ஏ. என்றால் 600 வாட். இந்த 360ஐக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்துப் பொடி எழுத்துகளைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. சில பெட்டிகளில் அங்கேயும் அது இருப்பதில்லை. வாங்குபவருக்கு வேண்டிய எண்ணை ஒளித்துவைத்து, பார்க்கப் பெரிதாக இருக்கும் எண்ணை முன்னால் நிறுத்துவது தற்செயலாக நடக்கும் காரியம் அல்ல. இதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, விற்பவரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று போனால், "உங்கள் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்?" என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி. எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும், கணினிக்குள் இருக்கும் பெட்டி. 650 என்று சொன்ன மாத்திரத்தில், இருப்பதிலேயே பெரிய யு.பி.எஸ்.ஸை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார். எஸ்.எம்.பி.எஸ். மீது எழுதியிருக்கும் 650 என்பது அது அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவே தவிர, கணினி எந்நேரமும் இழுக்கும் அளவு அல்ல. கடிதம் எழுதி, கணக்குப் பார்த்து, இணையத்தில் உலவும் ஒரு சாதாரண மேசைக் கணினி மானிட்டரோடு சேர்த்தே 100 வாட்டுக்கு முன்பின்னாகத்தான் இழுக்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டு விளையாடும்போது அது 300, 400 என்று ஏறும். சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வைத்து, கணினி முழு வேலை செய்யும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. அதற்குமேல் மூன்றில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கிராஃபிக்ஸ் கார்டு கண நேரத்தில் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும், யு.பி.எஸ். ஓவர்லோட் என்று கைவிடுவது அந்தக் கணத்தில்தான். இவ்வளவையும் விற்பவர் சொல்லித் தெரிந்துகொண்டவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது பேக்கப் நேரம், அதாவது மின்சாரம் நின்ற பிறகு பேட்டரியில் ஓடும் நேரம். இதில் நடப்பது போன்ற கண்கட்டு வித்தையை வேறெந்தப் பொருளிலும் நான் கண்டதில்லை. அரை மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், ஆனால் எத்தனை வாட் சுமையில் அந்த அரை மணி நேரம் என்று போட்டிருக்காது. சிறிய யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரே ஒரு ஈய அமில பேட்டரி. பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி. 240 வாட் இழுக்கும் கணினிக்கு அது 21 நிமிடம் வர வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்லும். ஆனால் அந்த 7 ஆம்பியர்-மணி என்பதே, பேட்டரியை 20 மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் காலி செய்தால் கிடைக்கும் அளவு. நம் கணினியோ அதிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிறது. வேகமாக உறிஞ்ச உறிஞ்ச ஈய அமில பேட்டரி தரும் மொத்த அளவு குறைந்துகொண்டே போகும் என்பதை பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897ஆம் ஆண்டிலேயே சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார். ஆகவே அந்த 21 நிமிடத்தில் பத்து நிமிடம் கிடைப்பதே அரிது, அதுவும் பேட்டரி புத்தம் புதிதாக இருக்கும்போது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு, 100 வாட்டில் இத்தனை நிமிடம், 200 வாட்டில் இத்தனை நிமிடம், 300 வாட்டில் இத்தனை நிமிடம் என்று மூன்று வரி அச்சிட முடியாதா? தயாரிப்பவர்களிடம் அந்த அட்டவணை இல்லாமல் இருக்காது. சில நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் அதை வெளியிடவும் செய்கின்றன. பெட்டியின் மேல் மட்டும் அது வரவே மாட்டேன் என்கிறது.

என் கோபம் உச்சத்துக்கு ஏறியது அலை வடிவ விவகாரத்தில்தான். ஒருநாள் மின்சாரம் நின்ற நொடியில், யு.பி.எஸ்.ஸுக்குள் ரிலே என்ற மாற்றும் சுவிட்ச் 'டக்' என்று மாறும் ஒலி கேட்டது. அதன் பச்சை விளக்கு எரிந்தது, பீப் ஒலி வந்தது, மானிட்டர் கூட அணையவில்லை. கணினி மட்டும் செத்துவிட்டது. பேட்டரி நிறைந்திருந்தது, சுமையும் அளவுக்குள்தான் இருந்தது, எந்த இணைப்பிலும் குறையில்லை. மலிவு விலை யு.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது தருவது சுவரிலிருந்து வருவது போன்ற வழவழப்பான சைன் அலை அல்ல. படிக்கட்டு போல ஏறி இறங்கும் சதுர அலை. இன்றைய தரமான எஸ்.எம்.பி.எஸ்.களில், குறிப்பாக 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரை பெற்றவற்றில், ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று இருக்கிறது. அது உள்ளே வரும் அலையைப் பின்தொடர்ந்து மின்சாரத்தை இழுக்கும் வகையில் அமைந்தது. அந்தச் சதுர அலையைச் சில எஸ்.எம்.பி.எஸ்.கள் பொறுத்துக்கொள்ளும், சில இரையும், சில அப்படியே அணைந்துபோகும். எது எதோடு ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவருக்குத்தான் இந்தச் சங்கடம் வருகிறது என்பது இன்னும் ஆத்திரமூட்டுகிறது. வாங்கிய பிறகு, "உங்கள் கணினியில்தான் கோளாறு" என்று சேவை மையத்தில் கைவிரிக்கிறார்கள். பெட்டியில் 'சிமுலேட்டட் சைன் வேவ்' என்று, சைன் என்ற சொல் நிச்சயம் கண்ணில் படும்படி, எழுதியிருக்கிறார்கள். முழுமையான சைன் அலை தரும் 'ப்யூர் சைன் வேவ்' யு.பி.எஸ். வேறு பொருள், விலையும் வேறு. இந்த வேறுபாட்டை விளக்கியிருந்தால் கூடுதல் பணம் கொடுத்தே பலர் வாங்கியிருப்பார்கள்.

வகைகளிலும் இதே குழப்பம்தான். ஆஃப்லைன், லைன் இன்டராக்டிவ், ஆன்லைன் என்று மூன்று வகை உண்டு. ஆஃப்லைன் வகை, மின்னழுத்தம் அதற்குரிய எல்லையைத் தாண்டிக் கூடினாலும் குறைந்தாலும் உடனே பேட்டரிக்குத் தாவிவிடும். அழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்தில் அதன் பேட்டரி மின்வெட்டே இல்லாமல் தேய்ந்து போகும். லைன் இன்டராக்டிவ் வகையில் ஏ.வி.ஆர். என்ற அழுத்தச் சீராக்கி இருப்பதால், பேட்டரியைத் தொடாமலேயே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆன்லைன் வகை எந்நேரமும் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரத்தைக் கொடுக்கும் என்பதால் மாறும் நேரம் என்ற பேச்சே இல்லை; ஆனால் விசிறி ஓயாமல் இரையும், விலையும் எகிறும், வீட்டுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. மற்ற இரண்டும் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் 4 முதல் 10 மில்லி நொடியை ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாங்கிக்கொள்ளும், சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே அதற்குரிய வழிகாட்டி அளவு. இந்த மூன்று வகைகளுக்கும் ஐ.இ.சி. 62040-3 என்ற பன்னாட்டுத் தரநிலையில் முறையே வி.எஃப்.டி., வி.ஐ., வி.எஃப்.ஐ. என்று தெளிவான குறியீடுகள் உள்ளன. இரண்டு மூன்று எழுத்து அச்சிட்டால் போதும். அதற்குப் பதிலாக 'ஸ்மார்ட்', 'ப்ரோ', 'மேக்ஸ்' என்று பெயர் சூட்டி, உள்ளே இருப்பது எந்த வகை என்று நம்மை ஊகிக்க விடுகிறார்கள்.

பின்பக்கத்து சாக்கெட்டுகளில் சில பேட்டரியோடு இணைக்கப்படாமல், மின்னழுத்தப் பாய்ச்சலை மட்டும் தடுப்பவையாக இருப்பதையும், ரூட்டரை அதில் செருகிவிட்டு இணையம் ஏன் அறுந்தது என்று திகைப்பவர்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடலை முடிவு செய்யும்போதே எத்தனை சாக்கெட் பேட்டரியில் ஓடும் என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். லேசர் பிரிண்டரை எந்தக் காரணம் கொண்டும் பேட்டரி சாக்கெட்டில் செருகாதீர்கள், அதன் சூடேற்றும் உருளை நூற்றுக்கணக்கான வாட்டை ஒரே இழுப்பில் இழுக்கும். யு.எஸ்.பி. துளை இருக்கிறதே என்று நம்பி வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அது கணினியோடு பேசி, பேட்டரி தீரும் முன் கணினியை முறையாக அணைக்க உதவும் துளையா, அல்லது கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் வைத்த துளையா? வீட்டில் யாரும் இல்லாதபோது மின்சாரம் நின்றால், திறந்திருக்கும் கோப்புகளைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு கம்பிதான்.

கடைசியாக பேட்டரி. யு.பி.எஸ்.ஸில் ஆயுள் முடிந்து போகும் உறுப்பு அதுதான் என்பது தயாரிப்பவர், விற்பவர், பழுது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும்; 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பயன்படுத்தாமல் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தாலும் அது தானாகவே மின்னிழந்துகொண்டிருக்கும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். கிடங்கில் ஓராண்டுக்கு மேல் தூங்கிய யு.பி.எஸ்.ஸை அதே முழு விலைக்கு நம் தலையில் கட்டும்போது, தகடுகளில் உப்புப் படிந்து பாதி செத்த பேட்டரிக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். பேட்டரி தயாரான மாதத்தைப் பெட்டிக்கு வெளியே அச்சிட்டிருந்தால் இதை யார் வாங்குவார்கள்?

இத்தனைக்கும் உள்ளே இருப்பது எங்கும் கிடைக்கும் பொது அளவு பேட்டரி. இரண்டு முனைகளில் மாட்டிய கம்பிகளை உருவி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, அதே கம்பிகளைச் சிவப்பு கருப்பு மாறாமல் மாட்டினால் யு.பி.எஸ். இன்னும் சில ஆண்டுகள் ஓடும். சில மாடல்களில் அடியில் ஒரு சிறு மூடியை நகர்த்தினாலே பேட்டரி கைக்கு வந்துவிடுகிறது. வேறு பலவற்றிலோ முழு உடலையும் பிரிக்க வேண்டும், பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்ற ஸ்டிக்கரைத் திருகாணி மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர், ரிலே, சுற்றுப்பலகை எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே முழு யு.பி.எஸ்.ஸையும் ஈயத்தோடு சேர்த்துத் தூக்கிப் போட வைக்கும் ஏற்பாடு இது. அந்தச் சிறு மூடியை எல்லா மாடல்களிலும் வையுங்கள், எந்த பேட்டரி பொருந்தும் என்று அதன்மேல் எழுதுங்கள். மூடி இல்லாத யு.பி.எஸ். எதையும் நான் இனி வாங்கப் போவதில்லை, கேட்பவர்களுக்கு வாங்கச் சொல்லப் போவதுமில்லை.