துரு என்றால் வெறும் ஆரஞ்சு இல்லை

"துரு வேண்டுமென்றால் ஆரஞ்சு பெயிண்டை வண்டி முழுக்கத் தொட்டு வையுங்கள், எந்த மாடலுக்கும் பொருந்தும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். புதிதாக மாடல் (நிஜ வண்டியின் சிறிய உருவம்) செய்ய வருபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

ஆரஞ்சு புதுத் துருவின் நிறம். நாள்பட்ட துரு கரும்பழுப்பு. அதனால் கரும்பழுப்பில் தொடங்கி, சின்னத் திட்டுகளாக வெளிர் நிறத்துக்கு வாருங்கள். ஆரஞ்சு கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக.

எந்த மாடலுக்கும் பொருந்தும் என்பதும் தவறு. எம்113 கவச வண்டியின் உடல் அலுமினியம். அதில் துரு பிடிக்காது.

இடமும் முக்கியம். இங்கே மும்பையில் 2023 அக்டோபர் வரை ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சியைச் செய்தபோது, சிவ்ரி பக்கம் நிற்கும் பழைய வண்டிகளைப் போய்ப் பார்த்தேன். கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கண்ணாடியின் அடி ஓரம் என்று தண்ணீரும் சேறும் தங்கும் இடங்களில்தான் துரு அதிகம். அங்கிருந்து கீழ்நோக்கிக் கறை வழியும். உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது.

பெயிண்ட் உரிந்தது போல் வர, உப்பு முறை அருமையானது. கரும்பழுப்பு நன்றாகக் காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து உப்பைத் தூவுங்கள். தூள் உப்பு மட்டும் வேண்டாம், திட்டுகள் ஒரே அளவில் வந்துவிடும்; பொடித்த கல் உப்பும் சேருங்கள். அது காய்ந்த பிறகு வண்டியின் நிறத்தை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) அடியுங்கள், சாதா பிரஷ் உப்பை இழுத்துவிடும். அப்புறம் ஈர பிரஷால் உப்பை மெதுவாகத் தேய்த்து எடுங்கள்; உப்பு இருந்த இடங்களில் அடியிலுள்ள கரும்பழுப்பு தெரியும்.