அரிசிக்கு ஆமென், கணக்குக் கேட்டால் அரசியலா?

பேர் சொல்லப் போவதில்லை. ஆர் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் போட்ட பதிவுதான் எல்லாற்றை முகநூல் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரோடு வீதியோரம் நின்ற இரண்டு பாதர்மாரின் படத்தைப் போட்டு அண்ணர் எழுதியிருக்கிறார்: "அரிசி குடுத்தமா, ஆறுதல் சொன்னமா, பூசையை வைச்சமா எண்டு இருக்கிறதை விட்டிட்டு, சுவாமிமாருக்கு என்னத்துக்கு உந்த அரசியல்?" கீழே விருப்பக்குறிகள் குவிந்து கிடக்கின்றன. அதில் கனபேர் என்னோடு ஒரே கோவிலில் முதல் நன்மை வாங்கினவர்கள்.

சரி அண்ணை, அரிசியிலிருந்தே தொடங்குவோம்.

2009 தொடக்கத்தில், கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் எத்தனை சனம் இருக்கிறது என்று கேட்டபோது கொழும்பு சொன்ன கணக்கு ஏறத்தாழ 70,000. முல்லைத்தீவுக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், சொன்னது மூன்று இலட்சத்துக்கு மேல். நிவாரணக் கப்பலில் எத்தனை மூட்டை ஏற வேண்டும் என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானித்தது. எழுபதாயிரம் பேருக்கு என்று வருகிற மாவையும் பருப்பையும் மூன்று இலட்சம் பேர் எப்படிப் பங்கு போடுவது? கடைசியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்களே, அது அரிசி விளையாததால் வந்த பஞ்சமா? அந்த நேரத்தில் ஒரு சுவாமியார் எழுந்து "இல்லை, இங்கை இன்னும் சனம் இருக்கு" என்று சொன்னால் அது நிவாரணமா, அரசியலா? எனக்கு விளங்கவில்லை. அரிசி கேட்பதும் ஆட்கணக்குக் கேட்பதும் ஒரே வாயால் வருகிற ஒரே கேள்விதான். ஒன்றுக்கு ஆமென் சொல்லிவிட்டு மற்றதற்கு முகத்தைச் சுழிக்காதீர்கள்.

2008 செப்டம்பரில் ஐநா நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். கிளிநொச்சியில் சனம் அவர்களின் வாசலில் நின்று "போகாதையுங்கோ" என்று கெஞ்சியது. அவர்கள் போனார்கள். பாதர்மாரும் சிஸ்டர்மாரும் பலர் போகவில்லை. சனம் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். வன்னியில் திருச்சபையின் நிவாரண அமைப்பான கரித்தாஸ் ஹியூடெக்கின் பொறுப்பில் இருந்த பாதருக்கு முல்லைத்தீவு வலைஞர்மடத்தில் செல்லடியில், எறிகணை வீச்சில், ஒரு கால் போனது. சரத்ஜீவன் அடிகளார் 2009 மே 18 அன்று, சனத்தோடு வெளியே வருகிற வழியிலேயே இறந்துபோனார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், இராணுவத்திடம் சரணடையப் போனவர்களோடு சேர்ந்து போனார். இன்றுவரை பதில் இல்லை.

"அரிசி மட்டும் குடுத்தா ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்" என்று ஒருவர் அந்தப் பதிவின் கீழே தத்துவம் சொல்லியிருந்தார். மன்னாரில் இயேசு சபை அகதிகள் பணியில் இருந்த பாக்கியரஞ்சித் அடிகளார் 2007 செப்டம்பர் 26 அன்று கிளைமோர்க் கண்ணிவெடியில் கொல்லப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார், கூட்டம் போட்டாரா? இடம்பெயர்ந்த சனத்துக்குச் சாமான் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட அல்லைப்பிட்டியில் ஜிம் பிறவுண் அடிகளார் செய்தது கோவிலுக்குள் ஓடி வந்த சனத்தோடு நின்றது. செல் விழுந்த அந்தக் கோவிலுக்குள் காயப்பட்டவர்களைத் தூக்கியது. 2006 ஓகஸ்டில் அவர் காணாமல் போனார். ஆகவே அரிசி மட்டும் கொடுத்தால் போதும் என்பதைக் கதிரையில் இருந்து சொல்லலாம்.

இனி அந்தக் கணக்கு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசாங்கம் வைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இருந்து சொன்னது என்ன? கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த சனம் 429,059. ஐநா கணக்கின்படி 2009 ஜூலை 10 வரைக்கும் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? அவ்வளவுதான். கொன்றுவிட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை, சுலோகம் பிடிக்கவில்லை. இரண்டு இலக்கமும் அவர் வீட்டில் இருந்து கொண்டு வந்ததும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கழித்தல் அது.

"கச்சேரிக் கணக்கு ஊதிப் பெருப்பிச்சது, ஒரே குடும்பத்தை ரெண்டு இடத்திலை பதிஞ்சிருப்பினம்" என்பவர்கள் இப்போது வருவார்கள். வாருங்கள். இருக்கலாம். பாதியாகக் குறையுங்கள், காற்பங்காக்குங்கள். எத்தனை பேருக்கு மேலே போனால் கேள்வி கேட்கலாம் என்று ஒரு அளவைச் சொல்லுங்கள், நான் பாதர்மாரிடம் சொல்லிவிடுகிறேன்.

சுவாமிமார் ஏன் கணக்கில் நிற்கிறார்கள் என்பது எங்கள் சின்னம்மாவைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அவவின் மூத்தவனை, போர் முடிகிற நாளில் சனம் வெளியேறின வட்டுவாகல் பாலம் கடக்கிற நேரத்தில் தவறவிட்டவ. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அவன் பிறந்தநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பா. பங்கு அலுவலகத்தில் இருக்கிற பெடியன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு "என்ன கருத்தெண்டு போட, அன்ரி? ஆத்தும இளைப்பாற்றியோ?" என்பான். அவனில் பிழை இல்லை, கொப்பியில் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறது. சின்னம்மா பேனையை வாங்கித் தானே எழுதுவா, 'நல்ல சுகத்துக்காக' என்று. ஒருமுறை ஒரு சொந்தக்காரர், நல்ல எண்ணத்தோடுதான், "இனியாவது மோட்சத்துக்கெண்டு குடன் பிள்ளை" என்றார். அந்த வீட்டுப் படியை அவ இன்றுவரை மிதிக்கவில்லை. இறந்தவர்களுக்கான நாளான நவம்பர் 2 ஊரே சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது அவ வீட்டில் மா இடிப்பா. பங்கில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவன் பேர் இருக்கிறது, மரணப் புத்தகத்தில் இல்லை. உடல் இல்லாமல், திகதி இல்லாமல், எந்தச் சுவாமியார் அதை எழுதுவார்? இப்படி ஒரு புத்தகத்தில் இருந்து மற்றதில் இல்லாத பேர்கள் வடக்கில் எத்தனை பங்குகளில் கிடக்கின்றன. அதைக் கேட்கிற பாதர் அரசியல் செய்யவில்லை அண்ணை, தன்ரை அலுவலகத்தைத்தான் பார்க்கிறார்.

அடுத்தது, எனக்குத் தெரியும், "புலியளைக் கேட்டவையோ?" ஓம், கேட்டார்கள். 2009 ஜனவரியில் யாழ்ப்பாண ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகை பாதுகாப்பு வலயத்தைப் பெரிதாக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்டபோதே, சனத்துக்கு நடுவில் நின்று செல் அடிக்க வேண்டாம் என்று புலிகளையும் கேட்டார். வலைஞர்மடம் கோவிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த இளம் பிள்ளைகளைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனது அங்கே நின்ற சனம் கண்ணால் கண்ட விசயம். அதை மறைக்க எனக்குத் தேவையில்லை. கேட்டது காணாது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். துவக்கோடு வந்தவனுக்கு முன்னால் வெறும் அங்கியோடு நின்றவரை மதிப்பெண் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நியாயமில்லை என்றால் இருக்கட்டும்.

ஆனால் எனக்கு உண்மையில் நோவது இது இல்லை. போன வருசம் இதே அண்ணர் போட்ட பதிவு எனக்கு நினைவிருக்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் காசாவில் இருக்கிற திருக்குடும்பப் பங்குக்கு ஒவ்வொரு இரவும் தொலைபேசி எடுத்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்ட செய்தி. அழுகிற முகம், இதயம், கும்பிடு, எல்லாம் போட்டிருந்தார். நானும் விருப்பம் போட்டேன், நல்ல பதிவுதான். அந்த மனிதர் விசாரித்ததோடு நிற்கவில்லை, போரை நிறுத்துங்கள் என்று சாகும்வரைக்கும் சொன்னார். அப்போது அது திருச்சபையின் மனச்சாட்சி. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் மண்டையோடு எடுக்கிற இடத்துக்குக் கிட்ட எங்கள் பாதர் நின்றால் அது அரசியல். தூரத்துச் சனத்துக்குக் கண்ணீர், பக்கத்து வீட்டுச் சனத்துக்குப் புத்திமதி!

எங்களுக்கு அப்படி ஒவ்வொரு இரவும் ஒருத்தரும் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. 16ஆம் பெனடிக்ட் பாப்பரசர் 2009 பெப்ரவரியில் பொதுச் சந்திப்பில் எங்களைப் பற்றிப் பேசினார், மே மாதமும் பேசினார். நன்றி. பேசினபோது கொழும்பில் ஆர் காது கொடுத்தது? அதைத்தான் இங்கே இருக்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொன்னால் உங்களுக்குக் குத்துகிறது.

கடைசியாக, "கர்தினால் ஆண்டகையே பேசாமல் இருக்கேக்கை இவைக்கென்ன" என்றவருக்கு. கொழும்புக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை பேசாமல் இருக்கவில்லை. 2012 இல் ஜெனீவாவில் ஐநா மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றித் தீர்மானம் வந்தபோது அது தேவையில்லாத வெளித்தலையீடு என்றார். அதே நேரத்தில் இராயப்பு ஆண்டகையோடு சேர்த்து 31 குருமார் நீதி கேட்டு அதே ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகு விசாரணை என்று ஆயரைத் தேடி வந்தது பொலிசின் சிஐடி. பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வந்தது. கோவிலுக்குள் சனம் சிதறிக் கிடந்தது. 2022 மார்ச்சில் கர்தினால் அவர்களே அதே மனித உரிமைப் பேரவையில் எழுந்து நின்று, எங்கள் நாட்டுக்குள் உண்மை கிடைக்கவில்லை, நீங்கள் பாருங்கள் என்று கேட்டார். கேட்டது முழுக்கச் சரி. அந்தச் சனத்துக்காக எங்கள் கோவில்களிலும் மணி அடித்து அழுதோம். அப்போது "சுவாமிமாருக்கு என்னத்துக்கு அரசியல்" என்று அண்ணர் எழுதினதாக ஞாபகம் இல்லை. அதற்குப் பத்து வருசத்துக்கு முன்னால் மன்னாரில் இருந்து ஒருவர் கேட்டதும் அதுதானே.

கர்தினாலை ஏன் இழுத்தாய் என்று உள்பெட்டிக்கு வராதீர்கள், இங்கேயே எல்லாருக்கும் தெரியக் கேளுங்கள். பாதர்மாரைத் தூசணத்தால் பேசுகிற கருத்துகளை அழிப்பேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அந்த இரண்டு பாதர்மாரும் வாற கிழமையும் அம்மாமாரோடு அதே இடத்தில்தான் இருப்பார்கள், அண்ணர் ஊருக்கு வந்து நிற்கிறாராம், நேரம் இருந்தால் நேரில் போய்க் கேட்கட்டும்.