கார்பன் பிரஷ்ஷும் கேம் கன்ட்ரோலரும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். கூடத்திலிருந்து பையன் கத்தினான்: "அப்பா, என் ஆள் தானாகவே நடந்து போகிறான்!" போய்ப் பார்த்தேன். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, தான் எதையும் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். திரையில் நீலச் சட்டை போட்ட கால்பந்து வீரன் ஒருவன் பந்தைப் பற்றிய கவலையே இல்லாமல் இடப்பக்கமாக நடந்துகொண்டிருந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. விளம்பரப் பலகையில் முட்டிக்கொண்டு அங்கேயே கால் மாற்றிக்கொண்டிருந்தான். "ராகுகாலத்தில் விளையாடினால் இப்படித்தான்" என்றார் அம்மா, பூ கட்டிக்கொண்டே.

விளையாடுகிறவர்கள் இந்த நோய்க்கு 'டிரிஃப்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் தள்ளுகிற குச்சி நடுவில்தான் நிற்கும். கருவி மட்டும் அது ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். வாங்கிப் பதினான்கு மாதம். உத்தரவாதம் பன்னிரண்டு மாதம். இந்தக் கணக்கைப் போடுகிறவருக்குக் கல்யாண முகூர்த்தம் குறிக்கும் வேலையைக் கொடுக்கலாம். ஒரு நாழிகை பிசகாது.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த இளைஞர் மரியாதையானவர். கருவியைக் கையில் வாங்கவே இல்லை. "இதற்கு உதிரிபாகம் வராது சார், புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். புதியது ஆறாயிரத்துச் சொச்சம். "திறந்தாவது பாருங்கள் தம்பி" என்றேன். "திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை சார்."

பம்பு செட் தயாரிக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பழுது பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறந்து பார்க்க அனுமதி இல்லை என்பதை நானும் பல வருடமாகக் கேள்விப்பட்டுத்தான் வருகிறேன். நேரில் கேட்டது இதுவே முதல் முறை. வீட்டுக்கு வந்து நானே திறந்தேன்.

உள்ளே இருந்தது ஒரு பழைய சிநேகிதன். தாத்தா வீட்டு ரேடியோவில் வால்யூம் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? குமிழை நாலு தரம் இப்படியும் அப்படியும் வேகமாகத் திருகினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கும். அதே சாமான்தான், பொடென்ஷியோமீட்டர். மெல்லிய கரிப்பூச்சுத் தடம் ஒன்று, அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் சின்ன உலோக நாக்கு ஒன்று. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துக் குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கருவி கணக்கிடும். ஒரு குச்சிக்கு இப்படி இரண்டு: மேல் கீழுக்கு ஒன்று, இடம் வலத்துக்கு ஒன்று. பையனுடைய கன்ட்ரோலரில் இடம் வலத்துக்கான பெட்டியைப் பிரித்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கரித்தடத்தின் நடுவில், நாக்கு அதிகம் நிற்கும் இடத்தில், மாட்டுவண்டித் தடம்போல ஒரு பள்ளம். சுற்றிலும் கறுப்புப் பொடி. அவ்வளவுதான் பேய்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரித்தடம் தேய்ந்ததில் எனக்குக் கோபமே இல்லை. உரசுகிற எதுவும் தேயும். நம் வீட்டு மிக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மோட்டாருக்குள்ளும் கரிதான் உரசுகிறது. கார்பன் பிரஷ் இரண்டு, சுழலும் செம்புக் கட்டைகள்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் சட்னி அரைத்தபின் அவை கட்டையாகிப் போகும்; பொறி பறக்கும், தீய்ந்த வாடை வரும். தெருமுனைக் கடைக்காரர் அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றிப் புது பிரஷ் போட்டு, டீ ஆறுவதற்குள் கையில் கொடுத்துவிடுவார். அந்த மிக்சியை வடிவமைத்தவர் தேய்மானத்தை ஒளித்து வைக்கவில்லை. தேயப்போவது இதுதான் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அதை மலிவாக்கி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

மேலே இருக்கும் கப்ளர் அதைவிட அழகான யோசனை. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் பல் பல்லாக ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வில்லை. ஜாருக்குள் ஏதாவது சிக்கி இறுகிவிட்டால் முதலில் முறிவது அதுதான், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். ஒரு சில்லறைச் சாமானைப் பலிகொடுத்துப் பெரிய சாமானைக் காப்பாற்றும் ஏற்பாடு. (கழற்றும்போது பெரும்பாலான மிக்சிகளில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் இடப்பக்கம் திருகி இன்னும் இறுக்கிவிட்டு, நாத்தனாரிடம் ஸ்பேனர் கேட்டுப் போனவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.) பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் படித்தபோது புரியாத ஒரு விஷயத்தை அந்தக் கப்ளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இப்போது கன்ட்ரோலருக்கு வாருங்கள். அதிலும் கரிதான் தேய்கிறது. ஆனால் அந்தக் கரி ஒரு பெட்டிக்குள். பெட்டி குச்சியோடு ஒன்றாகக் கோத்து, பதினான்கு கால்களால் பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. சால்டரிங் இரும்பும் ஈயம் உறிஞ்சியும் வைத்துக்கொண்டு பதினான்கையும் சூடாக்கிக் கழற்ற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கை பழகியவன் எனக்கே அவ்வளவு. இந்த ஒரு பாகத்தைச் செருகி எடுக்கிற மாதிரி வைத்திருந்தால் பையனே மாற்றியிருப்பான்.

அப்படிச் செய்யவே முடியாதா என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். சோனி 2023 ஜனவரியில் வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் குச்சிப் பாகத்தைத் தனியாக உருவி எடுத்து வேறு ஒன்றைச் செருகலாம். வெளியானபோது அமெரிக்க விலையில் பாகம் 20 டாலர். கன்ட்ரோலரோ 200 டாலர், சாதாரணக் கன்ட்ரோலரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மிக்சியில் எல்லாருக்கும் கிடைக்கிற கார்பன் பிரஷ் இங்கே பணக்காரர்களுக்கான வசதியாகிவிட்டது.

அதைவிட வேடிக்கை, தேயாத குச்சி செய்யும் வழி இந்தத் துறைக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரியும். எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1879-இல் கண்டுபிடித்த விஷயம்தான் அதற்கு அடிப்படை. மின்னோட்டம் பாயும் கடத்தியின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால், குறுக்குவாட்டில் ஒரு சின்ன மின்னழுத்தம் பிறக்கும். குச்சியின் அடியில் காந்தம், எதிரில் உணரி. இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. உரசல் இல்லாத இடத்தில் பள்ளம் எப்படி விழும்? சேகா என்ற ஜப்பானிய விளையாட்டு நிறுவனம் 1996-இல் தன் சாட்டர்ன் கன்சோலுக்காகச் செய்த முப்பரிமாணக் கன்ட்ரோலரிலும், 1998-இல் ஜப்பானில் வெளியான அதன் அடுத்த கன்சோல் டிரீம்காஸ்டிலும் இந்த முறைதான். இன்று நம் தெருவில் ஓடும் மின்சார ஸ்கூட்டரின் கைப்பிடி முறுக்கிலும் ஹால் உணரிதான் இருக்கிறது. மடிக்கணினியை மூடினால் திரை அணைகிறதே, பல மாடல்களில் அதுவும் இதே உபயம்.

சேகா கன்சோல் வியாபாரத்தை விட்டு 2001-இல் வெளியேறியது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கரித்தடத்திலேயே நின்றுவிட்டன. நின்டெண்டோவின் சுவிட்ச் 2017-இல் வந்தது. ஜாய்கான் எனப்படும் அதன் கன்ட்ரோலர்களுக்கும் இதே டிரிஃப்ட் நோய் வந்து, 2019-இல் அமெரிக்காவில் வழக்கானது. 2020-இல் நிறுவனத் தலைவர் ஃபுருகாவா பங்குதாரர்கள் முன்னால் வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகு 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-இலாவது மாறும் என்று எதிர்பார்த்தோம். அதிலும் ஹால் குச்சி இல்லை. கன்ட்ரோலர் உடம்போடு ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் காந்தம் வைத்திருக்கிறார்கள்! பக்கத்தில் இன்னொரு காந்தம் இருந்தால் ஹால் உணரி குழம்பக்கூடும் என்பது எனக்கு ஒரு காரணமாகப் படுகிறது. என் ஊகம்தான்.

குச்சி விஷயத்தில் இந்த நிறுவனத்துக்கு ஜாதகமே சரியில்லை. நின்டெண்டோ 64 காலத்தில் 'மரியோ பார்ட்டி' என்று ஒரு விளையாட்டு. குச்சியை வேகமாகச் சுழற்றினால்தான் ஜெயிக்க முடியும். பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து அரக்கு அரக்கென்று அரக்கித் தோல் உரிந்து போனார்கள். நியூயார்க் மாகாண அரசு வழக்கறிஞர் தலையிட்டு, 2000-இல் நிறுவனம் பிள்ளைகளுக்குக் கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. விளையாட்டுச் சாமானுக்குக் கையுறை! வெல்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு நாங்கள் கொடுப்போம்.

ஹால் உணரிதான் சர்வரோக நிவாரணி என்று சொல்லும் கூட்டத்திலும் நான் இல்லை. குச்சியை நடுவுக்கு இழுத்து வரும் ஸ்பிரிங் தளர்ந்தால் ஹால் குச்சியும் சாயும். மாற்றியபின் அளவு சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கரியைவிட மோசமாக நடக்கும். கரியே இருக்கட்டும், கழற்றுகிற மாதிரி இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

தேய்மானத்தை ஒளிக்க மென்பொருளிலும் ஒரு திரை இருக்கிறது. குச்சி நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் விளையாட்டு கண்டுகொள்ளாமல் விடும் ஒரு வட்டம் உண்டு; 'டெட் ஸோன்' என்பார்கள். அது தேவையான ஏற்பாடு, இல்லாவிட்டால் புதுக் குச்சியே நடுங்கும். ஆனால் கரி தேயத் தேய அந்த வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகச் சொல்கிறார்கள். பெரிதாக்கினால் ஆள் தானாக நடக்க மாட்டான். நாம் மெதுவாகத் தள்ளினாலும் நடக்க மாட்டான். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளில் கை மரத்துப்போனதுபோல இருக்கும். பையனும் இரண்டு மாதமாக இதைத்தான் செய்து வந்திருக்கிறான், என்னிடம் சொல்லாமல்.

செல்பேசியில் கார்பன் பிரஷ்ஷின் இடத்தில் இருப்பது பேட்டரி. நோக்கியாவின் பிஎல்-5சி நினைவிருக்கும். 2007 ஆகஸ்டில், மட்சுஷிடா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளில் சில சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியைத் திருப்பி, அதிலிருந்த 26 இலக்க எண்ணைப் பார்த்தார்கள். தன்னுடையது பட்டியலில் இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2016-இல் சாம்சங் நோட் 7 பேட்டரி தீப்பிடித்தது. பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருந்ததால் போனையே திரும்ப வாங்கினார்கள், மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது, கடைசியில் அந்த மாடலையே மூடிவிட்டார்கள். விமானத்தில் ஏறினால் அந்தப் போனுக்குத் தடை. பேட்டரியில் பிழை என்பது இரண்டிலும் ஒன்றுதான். முதல் முறை நகத்தால் நெம்ப ஒரு மூடி இருந்தது.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்று சமாதானம் சொல்வார்கள். அதே சாம்சங்கின் 2014-ஆம் வருட கேலக்சி எஸ்5-இல் பின்மூடியும் கழன்றது, நீர்காப்புச் சான்றும் இருந்தது. 2027 பிப்ரவரியிலிருந்து பயனரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. நம் ஊரில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. தளம் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் தம்பிக்குத் திறக்கும் அனுமதிதான் இன்னும் வரவில்லை.

விளையாட்டு மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தில் தேயவே தேயாத பொருள் அது ஒன்றுதான், அதையும் தேய வைத்துவிட்டார்கள். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கார் ஓட்டும் விளையாட்டு; இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கும் அன்றோடு முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய வட்டு காபி கோப்பைக்கு அடியில் வைக்க உதவும். விற்ற விளையாட்டை இப்படி முடக்கக் கூடாது என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் அதிலிருந்துதான் கிளம்பியது. ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. என் அலமாரியில் தொண்ணூறுகளின் டிவி கேம் கேசட் ஒன்று கிடக்கிறது. போலிச் சரக்குதான், மேலட்டையில் போட்டிருக்கும் நூற்றுக்கணக்கான விளையாட்டில் முக்கால்வாசி ஒன்றே திரும்பத் திரும்ப வரும். வாயால் ஊதிச் செருகினால் இன்றும் ஓடுகிறது.

சரி, கன்ட்ரோலர் கதை. காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்று பேர் இல்லை என்றார்கள். நான்காவது கடைப் பெரியவர் டிராயரைக் கிளறி, "எதுக்குன்னு தெரியாமலேயே வாங்கி வைத்தேன்" என்று இரண்டு குச்சிப் பாகங்களை எடுத்துக் கொடுத்தார். கரி வகைதான். ஹால் வகை அவரிடம் இல்லை. ஒன்றைப் பொருத்தி, ஈயம் வைத்து, மூடித் திருகினேன். பையன் வாங்கிப் பார்த்தான். நீலச் சட்டைக்காரன் இடத்தைவிட்டு அசையவில்லை. "அப்பா, வலது குச்சியும் லேசாகப் போகிறதே" என்றான். மீதமிருந்த இன்னொன்றை மிக்சி பிரஷ், கப்ளர் எல்லாம் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரும்பைப் பிடிக்கப்போவது அவன். நான் பக்கத்தில் உட்கார்ந்து உறிஞ்சியைப் பிடிப்பதாக ஏற்பாடு. ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.